தூளிக் கொசுவலை: மரம் வெட்டிய காட்டில் மூன்று மாதம் படுத்துப் பார்த்த பிறகு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வலை நல்ல வலை, தையல் நல்ல தையல், மூன்று மாதம் மழையிலும் சேற்றிலும் கிடந்தும் ஜிப்பில் ஒரு பல் கூடப் போகவில்லை. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது, பெட்டியின் மேல் "காட்டில் முழுப் பாதுகாப்பு" என்று அச்சடித்திருப்பதற்காக. எந்த மாதிரிக் காட்டில், எத்தனை மணிக்கு என்று கேட்காமலே வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் கிள்ளான்காரன். போன வருடத்திலிருந்து போர்னியோ தீவில் இருக்கிற சபா மாநிலத்தின் தென்கிழக்கில், டாவாவ் பக்கம், ஏற்கெனவே மரம் வெட்டி எடுத்த காடுகளில் கன்று நடும் குத்தகை வேலையில் இருக்கிறேன். செராயா, கெருயிங், காப்பூர் என்று பழைய காட்டு மரங்களின் கன்றுகளைச் சுமந்துகொண்டு போய், கொடியும் மஹாங் மரமும் மூடிக் கிடக்கிற இடத்தைப் பாராங் கத்தியால் வெட்டித் திறந்து வரிசையாக நடுவதுதான் வேலை. ஒரு தடவை உள்ளே போனால் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியே வர முடியாது. தரையில் கூடாரம் போட்டால் அட்டையும் ஈரமும் தூங்க விடாது, அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் மரத்துக்கு மரம் தூளி கட்டித்தான் படுக்கிறார்கள்.

நான் வாங்கியது 189 வெள்ளி (ரிங்கிட்). மேலே வலை வைத்துத் தைத்த தூளி, அடியில் இரண்டு அடுக்கு நைலான், வலை முழுக்க பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி மருந்து ஏற்றியது. சுருட்டினால் அரிசிப் பைக்குள் அடங்கும். நான் 84 கிலோ, இதுவரை கயிறு இழுபடவில்லை, கொக்கி வளையவில்லை. கட்டுவதற்கு முதல் நாள் இருபது நிமிடம் ஆனது, இப்போது ஐந்து நிமிடம். மேலே மழைத் துணி தனியாக வாங்க வேண்டும், அது பெட்டியில் இல்லை. படத்தைப் பார்த்தால் இருப்பது போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

வலைக் கண் கொசுவுக்குச் சரியாக இருக்கிறது. அகாஸ் என்று இங்கே சொல்கிற பொடிப்பூச்சிக்கு இது போதாது, அது நேராக உள்ளே வந்துவிடும், ஆற்றங்கரையில் கட்டினால் காலையில் கை முழுக்கப் புள்ளி. ஆனால் அது உயிரை வாங்காது. கொசு விஷயம் வேறு.

முதல் வாரம் முதுகிலும் தொடையின் பின்பக்கத்திலும் கடி. வலைக்குள் ஒரு கொசு கூட இல்லை, டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, கீழேயிருந்து குத்துகிறது. உடம்பின் பாரத்தில் நைலான் தோலோடு ஒட்டிக் கிடக்கிற இடத்தில் கொசுவுக்கு இரண்டு அடுக்கும் ஒரு பொருட்டே இல்லை, ஊசியை இறக்கிவிடுகிறது. மருந்து வலையில் மட்டும்தான் ஏற்றியிருக்கிறது, அடித்துணியில் இல்லை. இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஃபோம் பாயைச் செருகினேன், அன்றோடு நின்றது. அடித்துணிக்கும் மருந்து ஏற்றிக் கொடுத்தால் பத்து வெள்ளி கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன். வியட்நாமின் நின் துவான் மாநிலத்தில் காட்டுக்குள் போய்ப் படுக்கிற மக்களுக்கு மருந்து ஏற்றிய தூளி கொடுத்துப் பார்த்தார்கள், மலேரியா குறைந்தது, அந்த முடிவு 2009ல் வெளிவந்தது. அங்கே கடிக்கிற கொசுவும் எங்கள் காட்டுக் கொசுவும் நெருங்கிய சொந்தம். ஆக, தூளி என்கிற யோசனையிலேயே குறை ஒன்றும் இல்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தூளியை இரண்டு மாதிரிக் காட்டில் கட்டிப் படுத்திருக்கிறேன். முதலில் போனது கோடாலியே படாத ஒரு காட்டுத் துண்டு, விதையும் நாற்றும் எடுக்கப் போனோம், ஆறு இரவு. மரங்கள் அண்ணாந்து பார்த்தாலும் முடியாத உயரம், பகலிலேயே தரை மங்கலாக இருக்கும், காலை வைத்தால் சருகு மெத்தை போல அமுங்கும். மழை கொட்டினாலும் கால் மணி நேரத்தில் மண் குடித்துவிடும். கொசு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாயங்காலம் அடுப்பு மூட்டிச் சட்டை இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஆகா, வலை பிரமாதம்" என்று மனசுக்குள் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். வலைக்கு அங்கே பெரிய வேலையே இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

அடுத்த பயணம் வெட்டிய காட்டுக்கு. பெரிய மரங்களை எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் பாலோக் (வெட்டிய மரத்தடி) இழுத்த பாதை இன்னும் ஆறாத புண் போல அப்படியே இருக்கிறது. புல்டோசரும் லோரியும் ஏறி ஏறி அமுக்கின செம்மண், செங்கல் மாதிரி. அதில் தண்ணீர் இறங்குவதே இல்லை. மழை பெய்து நான்கு நாள் ஆன பிறகும் லோரித் தடங்களில் ஒரு முழ அகலத்துக்குத் தேநீர் நிறத்தில் தண்ணீர் நின்றது. மேலே மஹாங் இலைகள் பாதி வெயிலை விட்டுப் பாதியை மறைக்கின்றன. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் டூசுன் என்கிற சபாப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர், அவரைப் பாக்சிக் (மலாயில் மாமா) என்றுதான் கூப்பிடுவோம், அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையை எடுத்து அந்தத் தண்ணீரை மெதுவாக மொண்டு என் முன்னால் நீட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அசையாமல் பிடித்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீரின் மேல்பரப்பிலேயே படுத்த வாக்கில், சின்னக் குச்சித் துண்டுகள் மாதிரி ஒன்பது பத்து புழு. விரலின் நிழல் பட்டதும் பின்பக்கமாக வெடுக்கென்று நகர்ந்தன. வீட்டுத் தொட்டியில் பார்க்கிற கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும், இது தொங்காது, மட்டமாகப் படுத்திருக்கும். மலேரியா பரப்புகிற அனோபிலஸ் இனத்துக்கு அதுதான் அடையாளம். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இவ்வளவு என்றால் அந்தப் பாதை முழுக்க எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்று சாயங்காலம் ஐந்தரைக்கே முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டேன்.

சபாவில் மலேரியாவைப் பரப்புகிற முக்கியமான கொசுவின் பெயர் அனோபிலஸ் பாலபசென்சிஸ். ஆறு, குளம் எல்லாம் அதற்கு வேண்டாம். பாதி நிழலில் அசையாமல் நிற்கிற சின்னத் தண்ணீர் போதும், லோரித் தடம், பன்றி புரண்ட பள்ளம், யானை மிதித்த குழி. மரம் வெட்டப் போகிறவர்கள் அந்தக் கொசுவுக்கு மைல் கணக்கில் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கலாபாக்கான் பக்கத்துக் காடுகளில் ஆராய்ச்சிக்காரர்கள் தரையிலும் மர உச்சியிலும் இரவில் உட்கார்ந்து கொசு பிடித்துப் பார்த்தார்கள், 2016ல் அது வெளிவந்தது. இந்தக் கொசு வெட்டாத காட்டைவிட வெட்டிய காட்டில்தான் அதிகம், அதுவும் தரைமட்டத்தில். தரைமட்டத்தில்தானே நாம் இருக்கிறோம்.

அதோடு குரங்கு. நீளவால் குரங்கும் பெரோக் குரங்கும் தங்கள் ரத்தத்தில் நோலெசி என்கிற மலேரியாக் கிருமியை வைத்திருக்கின்றன, அவற்றுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. காடு துண்டு துண்டாகப் போனால் குரங்கு எங்கே போகும்? மிச்சம் இருக்கிற துண்டுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்துக்கும் வரும். குரங்கு, கொசு, கூலிக்காரன் மூன்று பேரும் ஒரே ஓரத்தில் சந்திக்கிறோம். மனிதனுக்கு இது வந்தது முதல்முதலாக 1965ல் மலேசியத் தீபகற்பத்தில் தெரிந்தது, அப்போது அபூர்வம் என்று விட்டுவிட்டார்கள். 2004ல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் அவர்கள் குழுவும் பார்த்தபோதுதான், வேறு மலேரியா என்று எழுதிவைத்த நிறையப் பேருக்கு வந்திருந்தது இதுதான் என்று வெளியே வந்தது. சபாவின் வடக்கே கூடாட், கோத்தா மாருடு கிராமங்களைப் பார்த்தவர்கள், சுற்றுவட்டாரத்தில் அண்மையில் காடு அழிந்த கிராமங்களில் இந்தக் காய்ச்சல் கூடுதல் என்று கண்டார்கள். மலேசியாவில் 2018லிருந்து மனிதனிடமிருந்து மனிதனுக்கு உள்ளூரில் பரவும் பழைய மலேரியா ஒன்று கூட இல்லை, அது பெரிய சாதனை, ஆனால் குரங்கு மலேரியா வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது, சாகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் போலக் காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற ஆண்கள்.

காட்டை வெட்டினால் எல்லாக் கொசுவும் பெருகும் என்று நான் சொல்லவில்லை, அது தப்பு. இதை எங்கள் ஊர்க் கதையை வைத்தே சொல்லலாம். 1901ல் கிள்ளானுக்கு டாக்டராக வந்த மால்கம் வாட்சன் ஊரைச் சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டி வடிகால் போட வைத்தார், இப்போது கிள்ளான் துறைமுகமாக இருக்கிற போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அப்படியே, மலேரியா சட்டென்று இறங்கியது. ஏனென்றால் அங்கே கடித்தது நிழலான சதுப்புத் தண்ணீரில் மட்டும் வாழ்கிற கொசு, வெயில் பட்டதும் போய்விட்டது. அதே வைத்தியம் மேட்டுக்கும் சரிவரும் என்று பார்த்தால், குன்றுப் பக்கம் பால்மரம் (ரப்பர்) நட ஓடையோரக் காட்டை வெட்டின தோட்டங்களில் காய்ச்சல் கொள்ளை போல வந்தது. வெயில் படுகிற தெளிந்த ஓடையில்தான் அனோபிலஸ் மேக்குலேட்டஸ் என்கிற இன்னொரு கொசு முட்டை போடும். செத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள், கப்பலேறி வந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த தமிழர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து கொயினா என்கிற மலேரியா மருந்து கொடுத்ததையும், ஓடை ஓடையாக எண்ணெய் அடிக்க ஆள் வைத்திருந்ததையும் என் பாட்டி அவர் அப்பா சொல்லக் கேட்டு எங்களுக்குச் சொல்வார். கொயினாவின் கசப்பைச் சொல்லும்போது பாட்டியின் முகமே சுருங்கும், அவர் அதைச் சாப்பிட்டதே இல்லை, அவர் அப்பா முகத்தைச் சுருக்கியதைப் பார்த்துப் பழகின சுருக்கம் அது.

பெரு நாட்டு அமேசானில் இக்கிட்டோஸ் பக்கம் பார்த்தபோதும் இதே கதைதான், காடு அழித்த இடத்தில் டார்லிங்கி என்கிற கொசுவின் கடி காடு இருந்த இடத்தைவிட 278 மடங்கு அதிகம் என்று 2006ல் எழுதினார்கள். தென் அமெரிக்காவிலேயே மர உச்சியில் குரங்குகளைக் கடித்துக்கொண்டிருக்கிற கொசு, மரம் சாயும்போது அதோடு கீழே வந்து வெட்டுகிறவனைக் கடித்து மஞ்சள் காய்ச்சலைக் கொடுக்கிறது. ஆகவே எந்தக் கொசு, எப்படி வெட்டினார்கள், வெட்டியபிறகு தண்ணீர் எங்கே நிற்கிறது, இதெல்லாம் சேர்ந்துதான் கடி எத்தனை என்பது முடிவாகிறது. ஒரு பெட்டியில் "காடு" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போக முடியாது.

இப்போது வலையின் மணிக்கணக்கு. இதை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். பாலபசென்சிஸ் அதிகமாகக் கடிப்பது சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணிக்குள், வீட்டுக்கு வெளியே. அந்த நேரத்தில் யார் தூளிக்குள் இருப்பார்கள்? நாங்கள் ஐந்துக்கு வேலையை முடிப்போம், ஆறுக்கு ஓடையில் குளியல், ஏழுக்குச் சோறு, அப்புறம் ஒருவர் போனில் படம் பார்ப்பார், ஒருவர் பாராங் தீட்டுவார், நான் படுக்கப் போகும்போது ஒன்பதரை. வலை பத்துக் காசுக்குக் கூட உதவாத மூன்றரை மணி நேரம் அது, கொசுவுக்கோ அதுதான் சாப்பாட்டு நேரம்.

எங்கள் ஆட்களில் ஒரு தம்பி, இருபத்திநான்கு வயது, என்னோடு சேர்ந்து இதே தூளியை வாங்கினவன், ஒரு இரவு கூட வலைக்கு வெளியே படுக்கவில்லை. ஆனால் தினமும் ஆறரைக்கு அரைக்கால் சட்டையோடு ஓடையில் உட்கார்ந்து துணி துவைப்பான். வெளியே வந்து பத்தாவது நாள் காய்ச்சல். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் டெங்கி என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், காட்டில் வேலையா என்று கேட்கவே இல்லை, இவனும் சொல்லவில்லை. அடுத்த நாளும் காய்ச்சல், அதற்கடுத்த நாளும், தினம் பிற்பகலில் பல் கிட்டும் அளவு குளிர். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும், மற்ற மனித மலேரியாக்களுக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகும், அதனால்தான் இது நாள் தள்ளத் தள்ள வேகமாக முற்றுகிறது. மூன்றாவது நாள் பாக்சிக் போனில் கேட்டுவிட்டு "காட்டில் இருந்தேன் என்று சொல், ரத்தத்தில் மலேரியா பார்க்கச் சொல்" என்று அதட்டி அனுப்பினார். பெரிய மருத்துவமனையில் அன்றைக்கே கண்டுபிடித்து மருந்து ஏற்றினார்கள், ஐந்து நாளில் வீட்டுக்கு வந்தான். கண்ணாடித்தட்டில் பார்த்தால் இந்தக் கிருமி அவ்வளவாக ஆபத்தில்லாத இன்னொரு மலேரியாக் கிருமியைப் போலவே இருக்கும், அதனால் எங்கே வேலை செய்தோம் என்று நாமே முந்திக்கொண்டு சொல்வது அவசியம். காட்டிலிருந்து வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும்.

அவன் காய்ச்சலில் படுத்தது வலையின் குற்றமில்லை, வலை தன் வேலையைச் செய்தது. வலையை நம்பி மற்றதை விட்டதுதான் பிழை, அந்த நம்பிக்கையைப் பெட்டிதான் கொடுத்தது.

இப்போது நாங்கள் செய்வது இது. குளியல் ஐந்தரைக்குள். ஆறுக்குப் பிறகு எல்லாரும் முழுக்கை, நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்வது, வெளியே தெரிகிற தோலுக்கு டீட் என்கிற கொசுவிரட்டி மருந்து. டீட் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், என் கடிகாரம் இப்போது பனி படர்ந்த மாதிரி இருக்கிறது, கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். தூளி கட்டுகிற இடத்தைப் பழைய லோரிப் பாதையிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பார்க்கிறோம். பாதைதான் நடக்கச் சுலபம், மரமும் ஓரத்தில் வாகாக இருக்கும், கை தானாக அங்கேதான் கயிற்றைப் போடும், அதை விடுங்கள். முகாமைச் சுற்றி இருக்கிற தடங்களில் நிற்கிற தண்ணீரை மண்வெட்டியால் வெட்டி வடிய விடுகிறோம், அரை மணி நேர வேலை. தகர டப்பா, தார்ப்பாய் மடிப்பு இதிலெல்லாம் தண்ணீர் நின்றால் பகலில் கடிக்கிற வரிக்கொசு வந்துவிடும், அதுவும் டெங்கி கொடுக்கிற கொசுதான்.

வலையைத் துவைப்பது பற்றி. அடிக்கடி துவைத்தால் மருந்து போய்விடும், வெயிலில் காயப்போட்டாலும் போகும். நான் மாதம் ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் லேசாக அலசி நிழலில் போடுகிறேன். மூன்று மாதத்துக்குப் பிறகும் வலையில் உட்கார்ந்த கொசு கொஞ்ச நேரத்தில் தள்ளாடி விழுவதைப் பார்க்கிறேன், ஆக மருந்து இன்னும் இருக்கிறது. ஓடையில் நேராகப் போட்டுத் துவைக்காதீர்கள், பெர்மெத்ரின் மீனைக் கொன்றுவிடும், வாளியில் எடுத்துத் தள்ளிப் போய்த் துவையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஈர வலையின் பக்கம் விடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

யார் வாங்கலாம்? வார இறுதியில் மலையேறிவிட்டு ஓர் இரவு காட்டில் தூங்குகிறவர்களுக்கு இது போதும், விலைக்குத் தகுந்த பொருள். வெட்டிய காட்டில், தோட்ட ஓரத்தில், நாள்கணக்கில் வேலை செய்கிறவர்களும் வாங்குங்கள், ஆனால் 189 வெள்ளியோடு செலவு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஃபோம் பாய், டீட், இரண்டு முழுக்கைச் சட்டை, நீளக் காலுறை, இதையெல்லாம் சேர்த்து 300 வெள்ளி என்று ஒதுக்கி வையுங்கள். குத்தகைக்காரர் நீங்களாக இருந்தால் இந்த 300ஐ ஆட்களின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

தயாரிக்கிறவர்கள் இதைப் படித்தால் மூன்று வேண்டுகோள். அடித்துணிக்கும் மருந்து ஏற்றுங்கள். படத்தில் காட்டுகிற மழைத் துணியை ஒன்று பெட்டிக்குள் வையுங்கள் அல்லது படத்திலிருந்து எடுங்கள். "முழுப் பாதுகாப்பு" என்பதை எடுத்துவிட்டு, "தூங்கும்போது மட்டும், மாலை ஆறு மணி முதல் தோலுக்கும் மருந்து தடவவும்" என்று மலாயிலும் தமிழிலும் இந்தோனேசியத் தொழிலாளிகளுக்குப் புரிகிற மாதிரியும் போடுங்கள். இதைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள்தான்.

வருகிற மாதம் ஆறு பேர் உள்ளே போகிறோம், அந்தத் தம்பியும் வருகிறான், டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். ஆறு தூளி ஆர்டர் போட்டிருக்கிறேன், இதே சாமான்தான். அவனுக்கு மட்டும் ஒரு கைக்கடிகாரமும் வாங்கி, ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.